பழைய கித்தாரின் கணீர்

என் தம்பி பத்திநாதன் பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த புதுக் கித்தாரை என் வீட்டுக்காரர் றோலண்ட் கையில் கொடுத்தான். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

கித்தார் ஜப்பான்காரன் செய்தது. செக்கச்செவேலென்று, அதில் பார்த்தே தலை சீவிக்கொள்ளலாம்போலப் பளபளத்தது. பெட்டியில் போட்டால் அடிபடும் என்று வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். றோலண்ட் அதை ஆம்ப்ளிபயரில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு கண்ணைத் திறந்து, "சாமான் நல்ல சாமான்தான் மாப்ள. ஆனா கணீர் இல்ல" என்றார்.

"என்னா இல்ல மச்சான்?"

"கணீர். கோயில் மணி அடிச்சா கடைசியில ஒரு மினுக்கு வரும் பாரு, அது. பழசுல இருந்திச்சு. இதுல இல்ல."

தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு வருஷம் வெயில்ல வெந்து வாங்கிட்டு வந்திருக்கான். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா போகும்?" என்று கத்தினேன்.

கத்தினேன் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திம்புள்ளப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பேக்டரியை ஒட்டின வரிசை வீடுகளில் குடியிருக்கிற பேக்டரி லயத்துக்காரர்கள் என்றாலே தொண்டை பெருத்தவர்கள் என்றுதான் பேர். கொழுந்தை உருட்டுகிற ரோலர்கள் வரிசையாக ஓடுகிற இடத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள், வீட்டிலும் அதே குரலில்தான் உப்புக் கேட்பார்கள். பெண்டாட்டியும் அதே குரலில் இல்லை என்பாள். தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களின் மலைக்காட்டு லயத்திலிருந்து விருந்து வந்தவர்கள், என்னவோ வெட்டுக்குத்து என்று பயந்து எழுந்து போயிருக்கிறார்கள். கொஞ்சுவதுகூட எங்களுக்குக் கத்தல்தான்.

ரோலர் ஓடும்போது கத்தினாலும் கேட்காது. அதற்குக் கைப்பாஷை இருந்தது. ஆட்காட்டி விரலை வட்டமாகச் சுழற்றினால் 'ஓடுதா?' என்று கேள்வி. அதேபோலத் திருப்பிச் சுழற்றினால் 'ஓடுது' என்று பதில். இரண்டு கையையும் மடக்கி முட்டியின்மேல் முட்டியை வைத்தால் 'நின்னுபோச்சு'. இந்தப் பாஷையில் விளையாட்டுக்கும் பொய் சொல்லக் கூடாது. ஒருமுறை ஒருத்தன் விளையாட்டாக முட்டியின்மேல் முட்டி வைத்துக் காட்ட, நின்றுவிட்டதென்று நம்பி, கூட வேலை செய்த சிவசாமி ரோலருக்குள்ளே கையை விட்டான். அவனுக்கு இன்றைக்கு இரண்டு விரல் கிடையாது. அதற்குப் பிறகு வாயால் ஆயிரம் புளுகுகிறவனும் கையால் உண்மையைத்தான் சொல்வான்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் தூள் சலிக்கிற அறையில் வேலை செய்தவள்தான். றோலண்ட் அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். நாங்கள் காதலித்ததே கைப்பாஷையில்தான். இப்போது நான் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் அவர் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விரலைச் சுழற்றுவார். அடுப்பில் உலை ஓடுதா என்று அர்த்தம். நானும் சுழற்றுவேன். சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்.

பழைய கித்தார் சின்ன தொரை கொடுத்தது. எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அந்த வெள்ளைக்கார வாலிபர் ஊருக்குக் கிளம்பினார். அவருடைய ஆம்ப்ளிபயர் புகைந்த போதெல்லாம் சரிபண்ணிக் கொடுத்தவர் றோலண்ட். அந்த நன்றிக்கு இரண்டையும் விட்டுவிட்டுப் போனார். அமெரிக்காவில் அறுபதுகளின் தொடக்கத்தில் செய்த கித்தார். பால் நிறம், கை உரசுகிற இடத்தில் மட்டும் சாயம் போய் மரம் தெரியும். இறக்குமதியெல்லாம் நின்றுபோயிருந்த காலம் அது. புதுக் கம்பி கிடைக்காது. பழைய கம்பியைக் கழற்றி என் தேத்தண்ணிச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பார். அழுக்குப் போய்க் கம்பி மறுபடி கணீரென்று பேசும். எங்கள் தேத்தண்ணியில் துரு வாசம் வரும். நான் திட்டாத திட்டில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கித்தாரை அவர் வாசித்துக் கேட்ட எவரும் அதை மறக்க மாட்டார்கள். கோயில் திருநாளில் அதன் சத்தம் எதிர்மலை லயம்வரைக்கும் போய்த் தெளிவாக விழும்.

மூன்று மழைக்காலம் முந்தி அது ஊமையாகிவிட்டது. கம்பிகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றி, தலைமயிரைவிட மெல்லிசான செப்புக் கம்பி இருக்கிறது. ஈரத்தில் பச்சை பிடித்து அது எங்கேயோ அறுந்துபோயிற்று. ராட்சச ரோலரைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற மனுஷன் அதைத் தொடப் பயந்தார். படுக்கை விரிப்பில் சுற்றி அலுமாரிமேல் வைத்துவிட்டு, யாரிடமாவது இரவல் கித்தார் வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். இரவலைக் குறை சொல்ல முடியாதே. புதுசு வந்ததும்தான் வாய் திறந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே பேச்சு. 'திம்புள்ள ஸ்டார்ஸ்' என்று எங்களுக்கு ஒரு பாட்டுக்குழு. றோலண்ட் கித்தார், பத்திநாதன் இரண்டாவது கித்தார், மலைக்காட்டு வேலை செய்கிற செல்லசாமி டிரம்ஸ், வேறு ஆள் கிடைக்காததால் பாட்டுக்கு நான். பழகக் கூடினால் பாதி நேரம் பழசா புதுசா என்பதிலேயே போய்விடும்.

"மரம் காயணும் மாப்ள. இருவது வருஷம் காஞ்ச மரம் அது. இது நேத்து வெட்டுன மரம்" என்பார் றோலண்ட்.

"கரண்டுல பேசுற சாமானுக்கு மரம் காஞ்சா என்னா, காயாட்டி என்னா மச்சான்? அப்ப கையால சுத்துனான், ஒண்ணு நல்லா வரும், ஒண்ணு நாசமா வரும். இப்ப மெஷின்ல சுத்துறான், எல்லாம் ஒரே மாதிரி வருது."

"ஒரே மாதிரி மொக்கையா வருது."

செல்லசாமி நடுவில் புகுந்து, "தப்பு மேளத்த நெருப்புல காட்டுனாத்தானே பேசும் அண்ணே. தோல் பழசா புதுசான்னு அதுக்கென்னா? சூடு ஏறுனா ஒண்ணுதான்" என்பான். இருவரும் சேர்ந்து அவனைப் பார்த்து முறைப்பார்கள்.

அந்தோனியார் திருநாள் வந்தது. அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது கூசுகிறது. றோலண்ட் புதுக் கித்தாரில் கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிளை முழுக்கத் திருகி, ஆம்ப்ளிபயரிலும் முழுக்கத் திருகி வைத்துக்கொண்டார். தகரத்தைத் தகரத்தால் கீறுவதுபோல ஒரு சத்தம். கைக்குழந்தைகள் வீறிட்டன. பாதர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நான் பாடுவதை விட்டுவிட்டு 'குறைங்க, குறைங்க' என்று சைகை காட்டினேன். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு, ஆம்ப்ளிபயர் பக்கமே சாய்ந்து, எதையோ தேடுகிறவர்போல வாசித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், "இன்னும் கொஞ்சம் வந்திருக்கணும்" என்றார்.

தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, நான் கொண்டாந்த சாமான் மட்டம்னு ஊருக்குக் காட்டணும்னே மச்சான் இப்படிப் பண்றார். வேணும்னே பண்றார்" என்றான்.

"அப்படிப்பட்ட ஆளு இல்லடா அவரு."

"அப்ப என்னாத்துக்கு இப்படி?"

அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, பழச நானே கொழும்புக்குக் கொண்டு போறேன். எவ்வளவு அலைஞ்சாலும் சரிபண்ணிட்டு வர்றேன். ரெண்டையும் பக்கத்துல வச்சு வாசிச்சுப் பாத்துருவோம். அப்பவும் பழசுதான் ஒசத்தின்னா நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றான். அதை நான் போய்ச் சொன்னதும் றோலண்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவரே விரிப்பைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். பழசு வரட்டும், கணீர் என்றால் என்ன என்று எல்லாருக்கும் காட்டுகிறேன் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கித்தார் கொழும்புக்குப் போன அந்த வாரத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரம், வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. சவுக்குத் தோப்பிலிருந்து சில்வண்டுகள் போட்ட கூச்சலில் மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. அவர் பக்கத்தில் குந்தி பீடி பற்ற வைத்தார்.

"இந்தச் சனியன் புடிச்ச சில்வண்ட என்னா செய்யிறது? தல வலிக்குது" என்றேன்.

அவர் தோப்பைப் பார்த்தார். "அது எங்க இப்ப இருக்கு? தேயிலைக்கு என்னத்தையோ கொண்டாந்து அடிக்கிறானுக, எல்லாம் செத்துப்போச்சு. சின்ன வயசுல எப்படிக் கத்தும்! இப்ப கேட்டே ரெண்டு மூணு வருஷம் இருக்கும்" என்றார்.

கீரையைக் கையில் பிடித்தபடி நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. சில்வண்டுகளுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு பீடி குடித்தார். எங்களைச் சுற்றி மலை முழுக்க அவை கத்திக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு எல்லாம் விளங்கியது. அடுக்களையில் கேத்தல் விசிலடித்தால் எழுந்து போகாதது, பிள்ளைக்காம்பராக் குழந்தைகள் கூப்பிட்டால் திரும்பாதது, நான் பாடும்போது மேல் சுருதியில் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது. கீழ்ச் சத்தமெல்லாம் கேட்கிறது. மேல்நுனி மட்டும் போய்விட்டது. எல்லோரும் கத்துகிற லயத்தில் ஒரு மனுஷனுக்குக் காது போவதை எவள் கண்டுபிடிப்பாள்? நானே கண்டுபிடிக்கவில்லையே. கூடப் படுத்து எழும்புகிறவள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவிடம் எனக்குத் தலைவலி என்று சொல்லிப் போய், மெதுவாகக் கேட்டேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ரோலர் பக்கத்துலயே வருஷக்கணக்கா நிக்கிறவங்களுக்கு வர்றதுதாம்மா. போனது போனதுதான், மருந்து கெடையாது. அந்த வேலைய விட்டா மிச்சமாவது நிக்கும்" என்றார். வேலையை விட்டால், குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். காம்பராவை விட்டால் எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஞ்சைச் சுருட்டிக் கொடுத்தார். அதை வீட்டுக்காரரிடம் கொடுத்தபோது சிரித்தார். "பஞ்ச அடைச்சுக்கிட்டா மெஷின் பேசுறது எப்படிக் கேக்கும்? பிட்டருக்குக் காதுதாண்டி கண்ணு" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை வாயெடுத்தேன். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. கத்திச் சொன்னால் லயம் முழுக்கக் கேட்கும். உன் காது போய்விட்டது என்று, கித்தார் வாசிக்கிற மனுஷனிடம் எந்தக் குரலில் சொல்வது? உப்புக்கும் புளிக்கும் கத்தத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை.

பழைய கித்தார் சரியாகாமலே போகட்டும் என்று அந்தோனியாரிடம் வேண்டிக்கொண்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று உலகமே அவரிடம் போய் நிற்கிறது. கண்டுபிடித்துவிடாதே சாமி என்று மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாமி கேட்கவில்லை. தம்பி சரிபண்ணிக்கொண்டு வந்துவிட்டான். கொழும்பில் யாரோ ஒரு கிழவர், ரேடியோக் கடைக்காரர், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு புதுசாகக் கம்பி சுற்றிக் கொடுத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கோயில் மண்டபத்தில் நாங்கள் நாலு பேர் மட்டும் கூடினோம். பந்தயத்தை எப்படி வைப்பது என்று றோலண்டே சொன்னார். "நான் செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்கிறேன். மாப்ள வாசிக்கட்டும். எத மொதல்ல எடுக்கிறதுன்னு செல்லசாமி கைகாட்டட்டும். ஒரே பாட்டு, ஒரே ஆம்ப்ளிபயர். நான் சொல்றேன் எது எதுன்னு."

"இப்ப எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"நீ சும்மா இரு டோரீன். இன்னைக்கி முடிஞ்சிரும்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நின்றார்.

செல்லசாமி சிவப்பைக் காட்டினான். தம்பி ஒரு ஞானப்பாட்டை எடுத்து வாசித்தான். கீழே தொடங்கி மேலே ஏறிப் போகிற பாட்டு. பிறகு கித்தாரை மாற்றி, அதே பாட்டைப் பழசில் வாசித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டும் கணீரென்றுதான் இருந்தன. புதுசில் கொஞ்சம் துலக்கிய பாத்திரத்தின் மினுக்கு, பழசில் கொஞ்சம் தொண்டை. அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கா இத்தனை நாள் அடித்துக்கொண்டோம் என்று வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

தம்பி நிறுத்தினான். றோலண்ட் திரும்பாமலே காத்துக்கொண்டிருந்தார்.

"சரி, வெளையாண்டது போதும். ரெண்டு தடவையும் புதுசத்தானே வாசிச்சீங்க? பழச எடு மாப்ள" என்றார்.

செல்லசாமியின் கையிலிருந்து குச்சி விழுந்து உருண்டது. தம்பிக்கு முதலில் கோபம்தான் வந்தது, குத்திக்காட்டுகிறார் என்று. வாயைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

"எடுக்கலியா?"

"மச்சான்..." என்றான் தம்பி.

றோலண்ட் திரும்பினார். தம்பியின் மடியில் பால் நிறக் கித்தார். சிவப்பு தூரத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். "வாசி" என்றார்.

தம்பி மேல்நுனிக்குப் போய் வாசித்தான். அழுதுகொண்டே வாசித்தான். றோலண்ட் ஆம்ப்ளிபயர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ட்ரெபிளைப் பார்த்தார். அதை முழுக்கத் திருகினார். செல்லசாமி தன்னையறியாமல் காதைப் பொத்திக்கொண்டான். அதை அவர் பார்த்துவிட்டார்.

பிறகு மண்டியிட்டபடியே என்னைப் பார்த்துத் திரும்பினார். ஆட்காட்டி விரலைத் தூக்கி வட்டமாகச் சுழற்றினார். ஓடுதா?

முட்டியின்மேல் முட்டியை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மாதாவே, எவ்வளவு ஆசையாக இருந்தது. நின்றுபோச்சு, பழசு செத்துப்போச்சு, கொழும்புக்காரன் கெடுத்துவிட்டான் என்று காட்டிவிட்டால் போதும். சாகும்வரை அந்தக் கிழவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். என் இரண்டு கையும் நெஞ்சுவரைக்கும் எழும்பிவிட்டன. ஆனால் அந்தக் கைப்பாஷையில் அவரிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. ஓடுகிறதை நின்றது என்று அவருக்குக் காட்ட என் கைக்கு வரவில்லை.

ஆட்காட்டி விரலைச் சுழற்றினேன். ஓடுது.

அவர் தலையை ஆட்டினார். கை நீட்டித் தம்பியின் விரல்களைக் கம்பியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். ஆம்ப்ளிபயரை அணைத்தார். மண்டபத்தில் சத்தம் நின்றதும் வெளியே தோப்பில் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகளின் சத்தம் உள்ளே வந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சவுக்கு மரங்களுக்குமேல் மூட்டம் இறங்கியிருந்தது.

அவர் ஜன்னலருகே போய் நின்று தோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அதே விரலால் தோப்பைக் காட்டி, வட்டமாகச் சுழற்றிக் கேட்டார்.

நான் விரலைத் தூக்கினேன். சுழற்றினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.